முருகேசனின் குளிரும் காதர் பாயின் ரத்தமும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளிடம் யாரும் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதில்லை. 'எனக்கு என்ன இருக்கு' என்றுதான் கேட்பார்கள். ஊசியும் கையுமாக நின்று சம்பாதித்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டவர்கள், அவர்களுக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் அமீரகத்தில், அல் ஐனில் ஒரு தனியார் கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாரும் அங்கே சிஸ்டர்தான். நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் என்று முதல் வருஷம் முழுக்கச் சண்டை போட்டேன். இரண்டாம் வருஷம் தெருவில் யாராவது சிஸ்டர் என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வளைகுடாவில் ரத்தம் கொடுப்பது என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம், விசா மெடிக்கல். அதில் ஃபிட், அன்ஃபிட் என்று இரண்டே முடிவு. அன்ஃபிட் என்றால் விசா கேன்சல், அடுத்த விமானத்தில் ஊர். எங்கள் கிளினிக்குக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அந்த மெடிக்கல் எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். தொண்டை வறள எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெறும் வயிறு

காதர் மைதீன் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். எங்கள் கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பக்காலாவில், அதாவது சின்ன மளிகைக் கடையில், இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட்டாளி ஒருத்தருக்கு மாரடைப்பு வந்ததும் பயந்துபோய் கொலஸ்ட்ரால் பார்க்க வந்தார். பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து கையை நீட்டினார். வாயில் புரோட்டா வாசனை. கேட்டால், சோறு தொடவில்லையே என்கிறார். சோறு தின்னாவிட்டால் வயிறு வெறும் வயிறுதான் என்பது அவர் கணக்கு. நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அதற்கடுத்த நாள் ஒழுங்காக வந்தார். கொலஸ்ட்ரால், சர்க்கரை, எல்லாமே சுத்தம். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். எனக்கும் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ரத்தம் தங்கம் சிஸ்டர். யாருக்கு வேணும்னாலும் தாராளமாக் குடுக்கலாம்."

ஜூலை மாசத்து ஸ்வெட்டர்

அடுத்த ஜூலையில் காதர் பாய் ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வெளியே நாற்பத்தேழு டிகிரி, தார்ச்சாலை செருப்பில் ஒட்டுகிறது, இந்த ஆள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறார். பேர் முருகேசன், புதுக்கோட்டைப் பக்கம், வயது முப்பத்தைந்து. பாய் ரூமில்தான் இருக்கிறார். ரூமில் ஆறு பேர், ஒரே ஒரு ஜன்னல் ஏசி. முருகேசன் தினமும் அதை நிறுத்திவிடுகிறாராம், மற்ற ஐந்து பேரும் வியர்வையில் நனைந்து எழுந்து அடிக்கப் போகிறார்களாம். உடம்பு ஊதியிருந்தது, முகம் லேசாக உப்பியிருந்தது, பேச்சும் நிதானமாக வந்தது. என்ன வேலை என்று கேட்டேன். ஏசி மெக்கானிக் என்றார். நான் சிரித்துவிட்டேன், அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஏனென்றால் விஷயமே அதுதான். ஏசி சரியில்லை என்று ஒரு வீட்டில் கூப்பிடுவார்கள். இவர் போய்க் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்ப்பார். அவர்கள் கம்பெனியில் எல்லாருக்கும் கைதான் தெர்மாமீட்டர். ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அரை மணி நேரத்தில் அந்த வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டு, உங்கள் ஆள் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான், வீடு அடுப்பாக இருக்கிறது என்று கத்துவார். இப்படி மூன்று புகார். வேலைக்குக் கள்ளம், வாயைத் திறந்தால் பொய் என்று கம்பெனியில் பேர் ஆகிவிட்டது. விசா புதுப்பிக்கும் நேரம் வேறு. ஊரில் இரண்டு தங்கைகளுக்கும் இவர் அனுப்புவதில்தான் எல்லாம் நடக்கிறது. முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "பொய் சொல்லல சிஸ்டர். கைய வச்சா எனக்கு ஐஸ் மாதிரி இருக்கு. அவுகளுக்கு எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கலங்கின சீரம்

ரத்தத்தை மிஷினில் வைத்துச் சுற்றவிட்டால் மேலே தெளிந்து நிற்பதுதான் சீரம். நல்ல சீரம் வெளிர் மஞ்சளாகக் கண்ணாடி போல இருக்கும். முருகேசனின் சீரம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி நின்றது. கொலஸ்ட்ரால் அதிகம், மற்ற கொழுப்பும் அதிகம். டாக்டர் சி.ஆர்.பி. என்று ஒரு சோதனையும் எழுதியிருந்தார். கறுப்புத் தகட்டில் சீரத்தை ஒரு சொட்டு விட்டு, பால் மாதிரி ஒரு மருந்தைக் கலந்து ஆட்ட வேண்டும். உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் பால் திரியும், இல்லாவிட்டால் பாலாகவே இருக்கும். முருகேசனுடையது லேசாகத் திரிந்தது.

எங்கள் டாக்டர் ஹைதராபாத்காரர், நிதானமான மனுஷர். முதலில் ஆட்டுக்கறியைக் குறை என்றார். முருகேசன் மூன்று மாசமாக ரொட்டியும் பருப்பும் தவிர ஒன்றும் தொடவில்லை, வெளிக்கும் சரியாகப் போகவில்லை என்றார். டாக்டர் யோசித்தார். பால் திரிந்ததுதான் அவரை உறுத்தியது. போன மாசம் முருகேசன் இருக்கிற அதே கட்டடத்தில் ஒருத்தருக்கு டி.பி. என்று கண்டுபிடித்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் பார்ப்போம், அப்போதும் திரிந்தால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்போம் என்றார். எக்ஸ்ரே என்ற வார்த்தையைக் கேட்டதும் காதர் பாய் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

அவர்கள் வெளியே போனதும் நான் சும்மா இருக்காமல் டாக்டரிடம் சொன்னேன். ஜூலையில் குளிருகிறது என்கிறார், உடம்பு ஊதுகிறது, மலச்சிக்கல் வேறு, பட்டினி கிடந்தும் கொழுப்பு குறையவில்லை, தைராய்டு மந்தமாக இருக்குமோ என்று. டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வெளியே காத்திருந்த முருகேசனிடம் கொடுக்க வேண்டிய அடுத்த வாரச் சீட்டை என் கையிலிருந்து வாங்கி அடியில் தைராய்டையும் எழுதினார். எழுதிவிட்டுச் சொன்னார்: "முதல்ல ரத்தம் பேசட்டும். அது முடிச்சதும் நீங்க பேசுங்க."

ஓ பாசிட்டிவ்

அதற்குள் ஏசி கம்பெனி மேனேஜர் டாக்டருக்குப் போன் செய்துவிட்டார். இந்த ஆளுக்கு உண்மையிலேயே வியாதி என்றால் அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பேப்பர் வர வேண்டும், வராவிட்டால் கேன்சலில் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றார். தைராய்டு பார்க்கும் வசதி எங்களிடம் கிடையாது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வரும் வேனில் சீரம் துபாயில் ஒரு பெரிய லேபுக்குப் போகும், ரிசல்ட் புதன்கிழமை வரும். அந்த வேனை விட்டால் அடுத்த சனிக்கிழமைதான்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு டூட்டியில் இருந்தது ஷைலா, திருச்சூர்ப் பெண், புதுசு. சனிக்கிழமை காலை நான் போனபோது முருகேசன் என்று எழுதின குழாய் ஃபிரிட்ஜில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் சீரம் பளிங்கு மாதிரி நிற்கிறது. கொலஸ்ட்ரால் அளவோடு இருக்கிறது. பால் பாலாகவே இருக்கிறது. முதலில் சந்தோஷம்தான் வந்தது. எட்டு நாளில் இவ்வளவு தெளியுமா? முருகேசன் டிரைவிங் லைசென்ஸுக்காக முன்னமே எங்களிடம் ரத்த குரூப் பார்த்திருக்கிறார், பழைய ரிஜிஸ்தரைப் புரட்டினேன். பி பாசிட்டிவ். இந்தக் குழாயில் அடியில் இருந்த ரத்தத்தை எடுத்துத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். ஓ பாசிட்டிவ். இது முருகேசன் ரத்தம் இல்லை. யாருடையது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மணி பத்தே கால். பக்காலாவுக்குப் போன் போட்டேன், காதர் பாயே எடுத்தார். நேற்று வந்து கையை நீட்டியது நீங்கள்தானே என்றேன். ஒத்துக்கொண்டார். முருகேசன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், முருகேசனுக்கே தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் டி.பி. என்று எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நான் கத்தினேன். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று பேப்பர் போனால் மேனேஜர் என்ன சொல்வார்? வியாதி இல்லை, ஆள்தான் கள்ளன் என்று அன்றைக்கே கேன்சல் பண்ணுவார். உங்கள் நல்ல ரத்தம் அவரை ஊருக்கு அனுப்பப் போகிறது, புரிகிறதா என்றேன். இத்தனை நாளும் சிஸ்டர் என்று கூப்பிட்ட மனுஷர் அப்போதுதான் முறையை மாற்றினார்: "நல்லது பண்றேன்னு நெனச்சுத்தான் குடுத்தேன் தங்கச்சி. அவன் வேலைக்கே உலை வைக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

பன்னிரண்டு மணி வேன்

முருகேசன் அன்றைக்கு ஊர்க் கோடியில் ஹீலிப் பக்கம் ஏதோ ஒரு வில்லா மொட்டை மாடியில் இருந்தார். எந்த வில்லா என்று கம்பெனியில் கேட்டால் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். செல்போன் எல்லாம் அப்போது முதலாளிகள் கையில்தான். காதர் பாய் கடையைப் பூட்டினார். பக்காலாவைப் பகலில் பூட்டினால் அர்பாப், அதாவது முதலாளி, சும்மா விடமாட்டார். பூட்டிவிட்டு ஒரு டாக்ஸியைப் பிடித்து, கம்பெனியின் நீல வேன் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று தெருத் தெருவாகத் தேடிக்கொண்டு போனார். நான் இங்கே கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த இரண்டு பேருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினேன், அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேரும் மூச்சு வாங்க வந்து நின்றார்கள். லேப் வேன் ஏற்கெனவே வந்துவிட்டது. டிரைவர் ஒரு பட்டாணியர், நேரம் தவறாதவர். எடுத்த ரத்தம் உறைந்து, சுற்றி, சீரம் பிரிய அரை மணி நேரமாவது வேண்டும் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி அவர் பார்த்ததே இல்லை, அதனாலோ என்னவோ டீ வாங்கிக்கொடுத்தால் நிற்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். முருகேசன் கை சில்லிட்டிருந்தது, நரம்பு உள்ளே ஒளிந்துகொண்டது. தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக் குத்தினேன். காதர் பாய் ரத்தத்தைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ரத்தம் கெட்டுவிட்டது, மறுபடி எடுத்தோம் என்று ரிஜிஸ்தரில் எழுதினேன். அது பொய்தான். உண்மையை எழுதியிருந்தால் பாயும் ஷைலாவும் மாட்டியிருப்பார்கள், எழுதாததற்கு நான் வருத்தப்படவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு முருகேசன் கேட்டார்: "சிஸ்டர், இந்தத் தடவ ரத்தம் நல்லா இருக்கணுமா, கெட்டுப் போயிருக்கணுமா? எதைன்னு நான் வேண்டிக்கிறது?"

மைல்ட்

பால் மறுபடியும் லேசாகத் திரிந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சு சுத்தம், டி.பி. இல்லை. அதைக் கேட்டதும் காதர் பாய் கிளினிக் வராந்தாவிலேயே அழுதுவிட்டார். புதன்கிழமை துபாயிலிருந்து ரிசல்ட் வந்தது. தைராய்டு ஹார்மோன் அளவோடுதான் இருந்தது, ஆனால் தைராய்டு சுரப்பியை விரட்டி வேலை வாங்குகிற டி.எஸ்.எச். அளவைத் தாண்டியிருந்தது. அதாவது சுரப்பி மந்தம், ரொம்ப இல்லை, கொஞ்சம். அது மந்தமானால் உடம்பு கொழுப்பைக் கரைப்பதிலும் மந்தமாகும், சில பேருக்கு இந்த மாதிரி லேசான அழற்சியும் தெரியும் என்றார் டாக்டர். இவ்வளவு லேசாக இருக்கும்போது மாத்திரை கொடுக்கலாமா வேண்டாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, இந்த ஆள் படும் பாட்டுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று சின்ன அளவில் எழுதினார். கம்பெனிக்கு எழுதின பேப்பரில், தைராய்டு குறைபாடு, மைல்ட், அதாவது லேசானது, பலன் தெரிய ஆறேழு வாரம் ஆகும் என்று போட்டார்.

அந்த 'மைல்ட்'தான் வினையாக வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜர் போன் செய்தார், டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், நான் எடுத்தேன். வியாதி இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு என்றார் ஹிந்தியில். இருக்கிறது என்றேன். அப்புறம் ஏன் மைல்ட் என்று போட்டிருக்கிறது என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. கை மரத்துப்போன ஆளிடம் போய்ச் சூடா குளிரா என்று கேட்டுவிட்டு அவரைப் பொய்யன் என்று சொல்லாதீர்கள், அவர் சொன்னது அவர் உடம்புக்கு உண்மை என்று என்னென்னவோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் சொன்னார்: "எனக்கு வேண்டியது தைராய்டு இல்ல மேடம், ஏசி. ரெண்டு மாசம் தர்றேன். நாலாவது கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா கலாஸ், அதோட முடிஞ்சுது."

நாலாவது கம்ப்ளைன்ட்

அந்த இரண்டு மாசம் எங்களுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். முருகேசன் தினம் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டார், அது உண்மையான வெறும் வயிறா என்று காதர் பாய் காவல் இருந்தார். போகும் வீடுகளில் கையை நம்பாமல், வீட்டு டிரைவரையோ சமையல் செய்கிறவரையோ கூப்பிட்டு ஏசி முன்னால் நிறுத்தி, உங்களுக்குக் குளிருதா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். ஆறாவது வாரம் ஸ்வெட்டர் போயிற்று. ஏழாவது வாரம் ரத்தம் எடுத்தேன். கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது, நினைத்த அளவுக்கு இல்லை. பால் திரியவில்லை. மாத்திரையாலா, தானாகவா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இனிமேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை, என் கையே போதும் என்று முருகேசன் சொன்னதாகப் பாய் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் அவசரமாகப் பட்டது.

தவணைக்கு நாலு நாள் இருக்கும்போது காதர் பாய் வேட்டி தடுக்க ஓடிவந்தார். நாலாவது கம்ப்ளைன்ட் வந்துவிட்டது, மேனேஜர் முருகேசனை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் கையில் இருந்த குழாயை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் கையை நம்பினார், இன்னும் நாலு நாள் கேட்டுச் செய்திருக்கக் கூடாதா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாய் ஓதுகிற தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வாசலைப் பார்த்திருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முருகேசன் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நெற்றியில் வியர்வை. அவருக்கு வியர்த்து நான் அதுவரை பார்த்ததில்லை. என்ன ஆச்சு என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அவர் அந்தப் புகார்ச் சீட்டை மேனேஜர் உரக்கப் படித்ததைச் சொன்னார். ஒரு ஸ்கூல் டீச்சர் வீடு. உங்கள் ஆள் வந்துபோனதிலிருந்து வீடு ஐஸ் பெட்டியாக இருக்கிறது, பிள்ளைகள் இரண்டுக்கும் சளி பிடித்துவிட்டது, யாராவது வந்து குறைத்து வையுங்கள் என்று எழுதியிருந்ததாம். மேனேஜர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், அப்புறம் விசா புதுப்பிக்கும் பேப்பரை எடுத்துக் கையெழுத்துப் போட்டாராம். முருகேசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏன்யா இப்படி வச்சேன்னு கேட்டாரு சிஸ்டர். எனக்குப் புழுக்கமா இருந்துச்சு சார்னேன்."

லேசான நோய் என்று ஒன்று இருப்பது வாஸ்தவம்தான், ஆனால் அதை லேசாக எடுத்துக்கொள்ளும் வசதி அந்த ஊரில் டாக்டருக்கும் மேனேஜருக்கும்தான் இருந்தது, நோயாளிக்கு இல்லை.